கொய்யா இலையும் முப்பத்தொன்பது மாத்திரையும்

12.8.2025, செவ்வாய், காலை 6.40

தவறு: 'மாத்திரை இருப்பு' என்ற கட்டத்தில் இருபத்தொரு நாளாக 60 என்று எழுதியிருக்கிறேன். ஒரு நாள்கூட எண்ணவில்லை. மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரியில் எழுதினேன். இன்று எண்ணினேன். 39 இருக்கிறது. மூன்று தடவை எண்ணியும் 39. முதலில் 60 இருந்தது என்று எழுதியதே என் தப்பாகவும் இருக்கலாம்.

எழுதிவிட்டு இர்பானா பேனா மூடியைக் கடித்தாள். கடைசி வாக்கியத்தை அடித்தாள். பிறகு, அடித்தது சரியில்லையோ என்று பக்கத்திலேயே மறுபடி எழுதினாள்.

அதை டைரி என்றாலும் சரி, வீட்டுப்பாடம் என்றாலும் சரி. மாலை வகுப்பில் நோயாளி பராமரிப்பு படிக்கும் பதினாறு பேருக்கும் மேடம் ஒரே வேலையைத்தான் கொடுத்திருந்தார். வீட்டில் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு முப்பது நாள் கணக்கு எழுத வேண்டும். மற்ற பதினைந்து பேரும் நோயாளியைத் தேடி அலைந்தார்கள். இர்பானாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவளுடைய அத்தா சேக் தாவூத், சரியாக அந்த வாரம்தான் சர்க்கரை மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, இனி அதைத் தொடுவதில்லை என்று அறிவித்தார்.

மாத்திரை வயிற்றை உப்ப வைக்கிறது, கடையில் நாலு பேர் முன்னால் உட்கார முடியவில்லை என்பது அவர் புகார். அதற்குப் பதில் கொல்லையில் இருக்கிறது என்றார். தீவின் ஜங்லிகாட் பகுதியில் கடலைப் பார்த்த சந்துக்குள் இருக்கும் அந்த வீட்டின் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கொய்யா மரம் நெருக்கிக்கொண்டு நின்றது.

அந்த மரத்தில் இர்பானா பழம் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. தெருவே அதன் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு போனால் பூ எங்கிருந்து வரும்? எதிர்வீட்டு வங்காளிப் பெரியவர் பல்வலிக்கு இலையை மெல்லுவார். அடுத்த சந்துத் தெலுங்குக்காரப் பெண், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் விடிவதற்குள் வந்து கதவைத் தட்டுவாள். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க, வெட்டுக்காயத்தைக் கழுவ என்று ஆளுக்கொரு கிளையை மொட்டையடித்துவிட்டு, போகிற போக்கில் மரம் காய்க்கவில்லையே என்று வேறு விசாரிப்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அத்தா கஷாயத்தில் இறங்கிய பிறகுதான் இர்பானாவுக்கு உண்மையான எரிச்சல் ஆரம்பித்தது.

மாத்திரையை நிறுத்தினால் ஒரே வாரத்தில் சர்க்கரை ஏறும், இருநூறைத் தாண்டும், அந்தக் காகிதத்தை நீட்டி அவரை டாக்டரிடம் இழுத்துப் போகலாம் என்று அவள் காத்திருந்தாள். தினமும் காலை வெறும் வயிற்றில் அவர் விரலைக் குத்தினாள். நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பத்தொன்று. நூற்று நாற்பத்திரண்டு. மெஷினைச் சந்தேகப்பட்டுத் தன் விரலைக் குத்திப் பார்த்தாள். அம்மாவின் விரலைக் குத்திப் பார்த்தாள். மெஷின் சரியாகவே இருந்தது. வகுப்புக் குறிப்பைச் சந்தேகப்பட்டாள், மேடத்தைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தனக்குப் படிப்பு ஏறவில்லை என்ற முடிவுக்கு வந்தாள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. ஆறு அட்டையையும் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டதே அவள்தான். வெளியிலிருந்து பார்த்தால் கட்டு அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தது.

இன்று காலை பேண்டைக் கழற்றினாள். நடுவில் இரண்டு அட்டை காலி. கிழிந்த தகடுகள் விரலால் நீவி விடப்பட்டிருந்தன. மூன்றாவதில் ஒன்று குறைந்தது.

இருபத்தொரு நாள். இருபத்தொரு மாத்திரை.

அவளுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். அத்தா திருட்டுத்தனமாக முழுங்குகிறார். முழுங்கிவிட்டு ஊருக்கெல்லாம் இலையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார்.

---

அடுக்களையில் அம்மா ரஷீதா வழக்கம்போல ஏழு கொழுந்தைக் கழுவி, இரண்டு கிளாஸ் தண்ணீர் ஒரு கிளாஸாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டினாள். சேக் தாவூத் பசியாறிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். இன்றைக்குத் துவர்ப்பு நன்றாக இருக்கிறது என்றார். இந்தச் சான்றிதழையும் அவர் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இர்பானா வாயைத் திறக்கவில்லை. ஆதாரமில்லாமல் பேசக் கூடாது. நேரம் பார்த்துக் கடைக்குப் போய், ஆள் இல்லாதபோது கேட்க வேண்டும். அதையும் நோட்டில் எழுதினாள்.

பதினோரு மணிக்கு மழையோடு கடைக்குப் போனபோது ஆள் இல்லாமல் இல்லை. கயிறும் தார்ப்பாயும் மீன்பிடி வலையும் விற்கிற கடை அது. இரண்டு படகுக்காரர்கள் நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தார்கள். அத்தா கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டு, கூடவே ஒரு பிடி கொய்யா இலையையும் போட்டார்.

"சுகர் இருந்தா குடி, இல்லாட்டி பல்லு வலிக்கு மெல்லு. ஏக்தம் பக்கா."

படகுக்காரன் தனக்கு இரண்டும் இல்லையென்றான். வரும்போது தேவைப்படும், வைத்துக்கொள் என்றார் அத்தா.

அவர் தலைக்குப் பின்னால், தராசுக்கு மேலே, சுவரில் அவள் இதுவரை பார்க்காத ஏதோ பளபளத்தது. இர்பானா கிட்டே போய்ப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. அவள் நோட்டில் முதல் வாரத்து மூன்று பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் செய்து ஒட்டியிருந்தார். தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கஷாயம். கடைசியில் மாத்திரை இருப்பு: 60, 60, 60 என்று மேலிருந்து கீழ்வரை அழகாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அவளுக்குக் காது சுட்டது.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க அத்தா?"

"எதுக்குக் கேக்கணும்? எம் ரத்தம், எம் மக எழுத்து. சும்மா வாயில சொன்னா பய நம்ப மாட்டேங்குறான். இதைக் காட்டுனா நம்புறான்."

மாத்திரையைத் தொட்டீர்களா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். ஒன்றுகூடவா என்றாள். இத்தனை நாளில் அந்த டப்பா எந்த நிறம் என்பதே மறந்துபோச்சு என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அத்தாவுக்குப் பல கெட்ட பழக்கங்கள் உண்டு. பொய்ச் சத்தியம் அவற்றில் இல்லை.

அப்படியானால் யார்? இர்பானா குழம்பிப்போய்ப் பார்வையைத் திருப்பியபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கடை வாசலில் இருக்கும் தையல் மெஷின் மூடிக் கிடந்தது.

அது ஐயாவு மாமாவின் மெஷின். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அந்த வாசலில் உட்கார்ந்து தார்ப்பாய்க்கு ஓரம் அடித்துக் கொடுப்பவர். அத்தாவுக்குச் சிநேகிதர், அத்தாவைப்போலவே சர்க்கரைக்காரர், ஆனால் அத்தாவைவிடப் பத்து வருடம் பழைய சர்க்கரைக்காரர்.

"ஐயாவு பாராடாங் தீவுக்குப் போயிருக்கான், மகனைப் பாக்க. ஞாயித்துக்கெழமையே போயிட்டான். கால்ல செருப்பு கடிச்ச புண்ணு, மெஷின் மிதிக்க முடியல. நாந்தான் நாலு நா ரெஸ்ட் எடுன்னேன். ஒரு சாக்கு எலை குடுத்து விட்டிருக்கேன். குடிக்கவும் ஆச்சு, புண்ணைக் கழுவவும் ஆச்சு."

"மாத்திரை எடுத்துட்டுப் போனாகளா?"

"அதை விட்டு ரெண்டு வாரம் ஆச்சே. மொதல்ல முரண்டுதான் புடிச்சான். அப்புறம் அந்தப் பேப்பரை ஒரு மணி நேரம் படிச்சான். பாப்பா எழுதுனா தப்பா இருக்காது பாய்னுட்டு அன்னைக்கே நிப்பாட்டிட்டான்."

சேக் தாவூத் இதைப் பெருமையாகச் சொன்னார். இர்பானா சுவரிலிருந்த அறுபதுகளை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

---

வீட்டுக்கு ஓடி வந்தபோது ரஷீதா மதியச் சோற்றுக்கு இஞ்சி தட்ட உட்கார்ந்திருந்தாள். அத்தா தொடவில்லையென்றால், மீதி இருப்பது கஷாயம் காய்ச்சும் கை ஒன்றுதான் என்று வழியிலேயே தோன்றியிருந்தது. இர்பானா அம்மாவின் முன்னால் இருந்த சின்ன இரும்பு உரலைப் பார்த்தாள். பிறகு அடுக்களை மாடத்தில் கவிழ்த்திருந்த இன்னொரு உரலைப் பார்த்தாள். அது ஏலக்காய் நுணுக்குகிற குட்டி உரல். ஏலக்காய் வாங்கி மாதக்கணக்காகிறது. அதை எடுத்துத் திருப்பினாள். அடியில், கழுவியும் போகாமல், வெள்ளையாக ஒரு வளையம்.

"எத்தனை நாளாம்மா?"

ரஷீதா இஞ்சியை விடவில்லை. "நிப்பாட்டுன அன்னைக்கிருந்து."

"கஷாயத்துலயா?"

"அந்தத் துவர்ப்புல வேற எந்தக் கசப்பு தெரியப் போவுது."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"ஒங்கிட்ட சொன்னா நோட்டுல எழுதிருவே."

எழுதித்தான் இருப்பாள், நேரத்தோடு.

ரஷீதா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அப்பனும் மகளும் மாத்திரை, மாத்திரை என்று மூன்று வேளையும் மல்லுக்கு நின்றீர்கள், யாராவது முழுங்க வைத்தீர்களா என்று கேட்டாள். தான் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை, முழுங்க வைத்தாகிவிட்டது என்றாள். மூன்று வருடத்துக்கு முன் கப்பலில் தலைசுற்றி விழுந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு வந்தது யாருடைய தோள் என்றாள். அதோடு இலையைப் பற்றியும் தாறுமாறாகப் பேச வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டாள். நீ பிள்ளையாக இருந்தபோது உன் வயிற்றுப்போக்கை நிறுத்தியதே அந்த மரம்தான், அதற்கு எது முடியுமோ அதைச் செய்யும், முடியாததை அதன் தலையில் கட்டினது உன் அத்தா என்றாள்.

எல்லாமே நியாயமாக இருந்ததுதான் இர்பானாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஐயாவு மாமா மாத்திரையை விட்டு ரெண்டு வாரமாச்சும்மா. கால்ல புண்ணு. அவுக கஷாயத்துல யாரு மாத்திரை போடுறா?"

ரஷீதாவின் கை நின்றது. தட்டிய இஞ்சி உரலிலேயே கிடந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா."

இர்பானா ஐயாவு வீட்டுக்குப் போன் போட்டாள். அவர் மனைவி ரெங்கம்மா எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை, பாராடாங்கில் மழை, மகன் சுரேந்திரனின் போனும் எடுபடவில்லை என்றாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் அவள் குரல் தணிந்தது.

"டப்பாவை இங்கயேதான் வச்சிட்டுப் போனாரு பாப்பா. ஏன்யா இப்பிடிப் பண்றேன்னு கேட்டா, பாப்பா எழுதுன பேப்பரு இருக்குதானேங்கறாரு. நீ படிச்ச புள்ள, நான் என்னத்தச் சொல்ல?" பிறகு, "அந்தப் புண்ணுல போற அன்னிக்கு ஒரு வாசம் வந்திச்சு. இலைத் தண்ணி வாசமா இருக்கும்னுதான் நெனச்சேன். அப்பிடித்தானே?" என்றாள்.

இர்பானாவால் அப்படித்தான் என்று சொல்ல முடியவில்லை. சர்க்கரைக்காரரின் கால்புண் என்று வகுப்பில் ஒரு பாடமே நடத்தியிருந்தார்கள். படம் போட்டபோது பின்வரிசைப் பெண் எழுந்து வெளியே போனாள். ஏழாம் பக்கத்தில் இர்பானாவின் சொந்தக் கையெழுத்தில் குறிப்பு இருந்தது: வாசம் வந்தால் காத்திருக்கக் கூடாது.

சுரேந்திரனின் எண்ணுக்கு ஒன்பது தடவை அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் இந்தியில் ஒன்பது தடவையும் சொன்னாள். கடிகாரம் ஒன்றே முக்கால். இப்போது பஸ் ஏறினாலும், வண்டிகளைக் காவலோடு ஒன்றாகப் பாராடாங் பக்கம் அனுப்பும் கடைசி கான்வாய் புறப்படுவதற்குள் ஜிர்காடாங் கேட்டுக்குப் போய்ச் சேர முடியாது. கேட்டை மூடிவிட்டால் காலைவரைக்கும் அந்தக் காட்டுப் பாதையில் யாருக்கும் வழி இல்லை.

அன்று சாயங்காலம் அவள் வகுப்புக்குப் போகவில்லை.

---

ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. மஃரிபு தொழுதுவிட்டு சேக் தாவூத் உள்ளே வந்து தேத்தண்ணீர் கேட்டார். இர்பானா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று மனசுக்குள் வரிசைப்படுத்தினாள். கட்டத்தில் ஆரம்பிப்பதா, உரலில் ஆரம்பிப்பதா, ஐயாவு மாமாவில் ஆரம்பிப்பதா.

அவள் வரிசைப்படுத்தி முடிப்பதற்குள் ரஷீதா வந்து குட்டி உரலைப் புருஷனுக்கு முன்னால் வைத்தாள்.

"புள்ளையக் கேக்காதீங்க. நாந்தான். தெனமும் ஒரு மாத்திரை, இதுல நுணுக்கி, ஒங்க கஷாயத்துல."

சேக் தாவூத் உரலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கோபத்துக்கு இர்பானா தயாராக நின்றாள். தேத்தண்ணீர் கிளாஸ் சுவரில் போய் மோதும் என்றுகூட நினைத்து ஒரு எட்டு தள்ளி நின்றாள்.

"தெனமுமா?"

"தெனமும்."

"துவர்ப்பு நல்லாருக்குன்னு சொன்னேனே." அவர் குரலில் கோபத்தைவிட ஒருவிதச் சலிப்புத்தான் இருந்தது. "மூணு வாரமா என்னையப் பாத்து மனசுக்குள்ள சிரிச்சியா?"

"சிரிக்கல. நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் மூச்சு விடல."

அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளே ஏதோ கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. தார்ப்பாய், தையல் மெஷின், சுவர், ஜெராக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வது தெரிந்தது.

"அப்ப ஐயாவுக்கு நான் என்னத்தைக் குடுத்தேன்?"

இர்பானா ரெங்கம்மா சொன்னதைச் சொன்னாள். வாசத்தைப் பற்றியும் சொன்னாள். பிறகு நோட்டைத் திறந்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, அறுபது என்று தான் எண்ணாமல் எழுதியதைச் சொன்னாள். அத்தாவை ஏமாற்றியது அம்மா, ஐயாவு மாமாவை ஏமாற்றியது இந்த எழுத்து என்றாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். கடைசி வார்த்தையில் முடியவில்லை.

சேக் தாவூத் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் மழையில் இறங்கிப் போனார். தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். கால் மணி நேரத்தில் திரும்பினார். ஒரு கையில் சுவரிலிருந்து பிய்த்த லேமினேஷன் காகிதம். நாலு மூலையிலும் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் ரெங்கம்மா வீட்டிலிருந்து வாங்கி வந்த மாத்திரை டப்பா.

காகிதத்தை மகளிடம் கொடுத்தார். டப்பாவை மேசையில் வைத்தார்.

"மொத பஸ் எத்தனை மணிக்கு?"

இர்பானா சொன்னாள்.

"நீ வா. சுகர் மெஷினை எடுத்துக்க." பிறகு, மனைவியைப் பார்க்காமல், "அவளையும் வரச் சொல்லு," என்றார்.

ரஷீதா உள்ளே போய், ஒரு மாத்திரையைத் தட்டில் முழுசாக வைத்து, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாகக் காலையில் போடுவது, இப்போது போட வேண்டியதே இல்லை என்று இர்பானா சொல்லப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அது இந்த வேளைக்கான மாத்திரை இல்லை என்று அத்தாவுக்கும் தெரியும்.

அவர் தட்டைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. சுரேந்திரனின் எண்ணை அவரே ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

இர்பானா நோட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். சிவப்புப் பேனாவால் இருபத்தொரு அறுபதையும் ஒவ்வொன்றாக அடித்தாள். மேலே சரியான எண்ணை எழுதினாள். நீண்ட நேரம் பிடித்தது. பிறகு கீழே எழுதினாள்.

12.8.2025, செவ்வாய், மாலை 7.15

அத்தா கஷாயம்: காலையில் குடித்தார், மாத்திரையோடு. இருப்பு: 38. எண்ணினேன். தட்டில் இருக்கும் ஒன்றையும் இதில் சேர்த்திருக்கிறேன். அதை நாளைக் காலை அவரே எடுத்துப் போட்டுக்கொள்வாரா என்று தெரியவில்லை.

நாளை: நாலரை மணி பஸ். ஆறு மணிக்கு ஜிர்காடாங் கேட், அதன் பிறகு படகு. சுரேந்திரன் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஐயாவு மாமாவின் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், கட்டை அவிழ்த்துக் காலைப் பார்க்க வேண்டும், எப்படி இருந்தாலும் அங்கேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இந்த நோட்டை அவர் கையில் கொடுத்து, முதலில் என் தப்பை நானே சொல்ல வேண்டும்.